உணர்ச்சியுள்ள கை

வானத்திலிருந்து வந்து எங்கள் பழவேற்காட்டு ஏரிச் சேற்றில் குடியேறியதுகளுக்கு ஊரில் வைத்த பெயர் ‘வந்தவங்க’. மூன்று வருடமாகிறது. போகிற வழியைக் காணோம். அதிகாரிகள் பார்த்துவிட்டு, அனுசரித்துப் போங்கள் என்று சொல்லி ஜீப் ஏறிவிட்டார்கள். அனுசரித்து அனுசரித்து எனக்கு அலுத்துவிட்டது.

அன்று நானும் என் ஓரகத்தி ஜமுனாவும் இடுப்பளவு நீரில் குந்தி, ஓலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் தொழிலுக்குக் கைதான் கண். எனக்கு ஒற்றைக் கண். இடது கையைப் போன வருடமே வந்தவர்களிடம் விட்டுவிட்டேன்.

ஜமுனா பறியை வாயிலிருந்து எடுத்தாள். “அம்மணிக்கா! அவங்க குட்டி ஒண்ணு வந்துட்ச்சு. எறான்னு நெனச்சுப் போட்டுட்டேன்.”

இறால்களுக்கு நடுவில் விரல் நீளத்தில் நெளிந்தது.

“கண்ணு இன்னா பொடனியிலயா கீது?” என்றேன். சேற்றுக்குள் கண்ணுக்கு என்ன வேலை? ஆத்திரத்தில் வந்துவிட்டது.

குட்டியைக் கையில் ஏந்தித்தான் திருப்பித் தர வேண்டும். பக்கத்து ஊர் பசியாவரத்தில் ஒருவர் பயந்துபோய்ப் பறியோடு கவிழ்த்துவிட்டு ஓடினார். நாற்பது நாள் ஏரியில் ஒரு மீன் இல்லை. கையில் தந்தால், வாங்க வரும் பெரியது அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். விட்டபின் அதில் உணர்ச்சி இருக்காது. கெட்ட எண்ணமா, வாஞ்சையா, யாருக்கும் தெரியாது.

தண்ணீர் கலங்கியது. பெரியது வந்துவிட்டது. ஜமுனா தன் கைகளைப் பார்த்து அழுதாள். “ரெண்டு புள்ளைங்கக்கா...”

செத்த கைதானே, போகட்டும் என்று குட்டியை என் இடது உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். பெரியது தடவிப் பார்த்தது. விலகிக் காத்திருந்தது. ஏற்கெனவே எடுத்துவிட்ட கை அதற்கு வேண்டாம். கெட்டிக்காரச் சனியன்!

ஜமுனா கையை நீட்டினாள். அதைத் தட்டிவிட்டு, குட்டியை என் வலது கைக்கு மாற்றினேன். ஈரமாய், இளஞ்சூடாய் இருந்தது. கடைசியாய் என் கை தொட்டறிந்தது அதுதான்.

மறுநாள் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஜமுனாவின் பின்னாலேயே ஏரியில் இறங்கினேன்.

“நீ இன்னாத்துக்குக்கா வந்த?”

“பறியக் குடு. நீ தடவு, நான் கடிச்சுக்கிறேன். பல்லு இன்னும் என்னுதுதான்.”

அவள் பறியை என் வாயில் வைத்தாள். முதல் இறால் உள்ளே விழுந்து துள்ளியது. பல்லில் தெரிந்தது.