நீளக் கட்டை

"மாப்ளே, பன்னி நின்னு உன்னய ஒரு பார்வை பாத்துட்டுல்ல போச்சு!" பக்கத்துக் காட்டு ஒச்சப்பன் வரப்பில் நின்று சிரித்தான். அழகுராஜா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

அது அவன் அப்பா சோலைச்சாமியின் துப்பாக்கி. உரிமம் இப்போது இவன் பெயரில். விசைக்குக் கீழே இருக்கும் லீவரை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா மேலே வரும். சோலைச்சாமி நெட்டையான ஆள். இவன் அம்மாவைக் கொண்டு பிறந்த குள்ளம். துப்பாக்கியின் பின்பக்க மரக்கட்டை இவனுக்கு நீளம், தோளில் நிற்காமல் கக்கத்துக்கு வழுக்கியது. திரும்பத் தூக்கிப் பிடிப்பதற்குள் பன்றிகள் மக்காச்சோளத்துக்குள் மறைந்துவிடும். வேட்டுப் போட்டு விரட்டுவது தாயில்பட்டிப் பக்கம் நடக்காது. பட்டாசுக் கம்பெனிகளில் வெடித்துப் பார்க்கும் சத்தத்தைக் குட்டியிலிருந்தே கேட்டு வளர்ந்த பன்றிகள். சரவெடி வெடித்தால் காதைக்கூட ஆட்டுவதில்லை. இந்த வெள்ளாமையும் போனால் காட்டை ஏதாவது கம்பெனிக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

மதுரைத் துப்பாக்கிக் கடைக்காரர் போனில் இரண்டு வழி சொல்லியிருந்தார். கட்டையை அறுத்துக் குறைக்கலாம், இல்லையென்றால் வேறொன்று வாங்கலாம். வேறொன்று என்றால் மனுப் போட்டு அனுமதி வருவதற்குள் அறுவடையே முடிந்துவிடும். இருந்தும் அவன் வேறொன்று வாங்குவதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

"அறுத்தா என்னலே? உங்கய்யா வந்து சண்டைக்கா நிக்கப் போறாரு?" என்றாள் அவன் அம்மா ராமுத்தாய்.

"பழச எதுக்குக் கெடுக்கணும்?"

அவள் மகனை ஏறிட்டுப் பார்த்தாள். "மீனா வச்ச சந்தனத்துக்குத்தான யோசிக்க?"

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனத்தை அந்த வீட்டில் துடைப்பதில்லை. அடுத்த வருடம் அதன் மேலேயே வைப்பார்கள். கட்டையின் அடிப்பக்கம் அடையாய்க் காய்ந்து கிடந்தது. மேலாக இருந்த மூன்று விரல் தடம் அவன் மனைவி அழகுமீனாவுடையது. அதை இழுத்த கையோடு குங்குமம் வைத்தாள். தை பிறக்குமுன் காய்ச்சலில் போய்விட்டாள். அதன்பின் வந்த பூஜைக்கு அவன் துப்பாக்கியைக் கீழேயே இறக்கவில்லை.

தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, கட்டையை மடியில் வைத்துக்கொண்டான். அறுக்கத்தான் வேண்டும் என்று வெகுநேரம் கழித்து ஈரத்துணியை வைத்து அழுத்தினான். முதலில் விரல் தடம் குழைந்தது. வாசனை கொஞ்சம் வந்தது. கை நின்றது, பிறகு மெதுவாகத் தேய்த்தது. அடை பெயர்ந்து விழ, மரத்தின் குறுக்கே ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே வேறு நிறத்தில் மரம். அடியில் இரண்டு திருகாணிகள்.

"அட, இது உங்கய்யா வச்ச ஒட்டுல்ல!" ராமுத்தாய் குனிந்தாள். "நெட்டைக் கொக்குக்குப் பத்தலன்னு ஆசாரிய உக்கார வச்சாரு. எனக்கே மறந்துபோச்சு பாரு."

திருகாணிகள் முரண்டு பிடித்துக் கழன்றன. ஒட்டு தனியாக வந்தது. தோளில் வைத்துப் பார்த்தான். கன்னம் தானாக மரத்தில் போய்ப் படிந்தது. லீவருக்குக் கை எட்டியது.

"இத அடுப்புல போட்டுரவாலே?"

"வேணாம். குடுங்க."

அவனும் மீனாவும் படுத்த அறைக்கதவு திறந்தால் நிற்காது, தானாகச் சாத்திக்கொள்ளும். அவன் அதைத் தள்ளித் திறந்து, ஒட்டுக்கட்டையை அடியில் செருகினான். காட்டுக் காற்று உள்ளே போய், கொடியில் கிடந்த அவள் சேலையைத் தூக்கி இறக்கியது. கதவு அசையாமல் நின்றது.