ஜெமீலின் முடியும்

நிந்தவூர்த் தச்சர் ஜெமீலின் தொழில் ரகசியம் சீவுளியில் இல்லை. ‘முடியும்’ என்ற ஒரு சொல்லில் இருந்தது. “வெள்ளிக்கு முடியுமா?” என்று கேட்டால் “முடியும்” என்பார். வேலை தீர்ந்துவிடும் என்று கேட்டவர் நினைத்துக்கொண்டு போவார். செய்யக்கூடிய வேலைதான் என்று மட்டுமே ஜெமீல் சொல்லியிருப்பார். தொட்டில் யாருக்காகச் செய்யச் சொல்லப்பட்டதோ அந்தப் பிள்ளையே தாடியோடு வந்து அதைத் தூக்கிப்போனதாக ஊரில் கதை. தாடி இல்லை, மீசைதான் என்று ஜெமீல் திருத்துவார்.

கிளாராவிடம்தான் அந்தச் சொல் செல்லுபடியாகவில்லை. அறுகம்பையில் விடுதி நடத்தும் வெள்ளைக்காரப் பெண் அவள். முதிரை மரத்தில் மேசை ஒன்று செய்யச் சொல்லியிருந்தாள். அது வெள்ளிக்கிழமை தயாரானால் விடுதிக் கட்டில் வேலை எல்லாம் ஜெமீலுக்கு. இல்லாவிட்டால் அக்கரைப்பற்றுத் தச்சருக்கு. “மேசை எப்போது?” என்று வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் கேட்டிருந்தாள். மேசையோ ஏறக்குறைய மூன்று வாரமாக ஒரு கால் மட்டும் பொலிஷில் மினுங்க, மற்றதெல்லாம் தூசு பிடித்து நின்றது.

மனைவி றாஹிலா ஆங்கில ஆசிரியை. பள்ளிவிட்டு வந்தவளிடம் ஜெமீல் போனை நீட்டினார்.

“புள்ள, முடியும் எண்டு இங்கிலீஷில எழுது.”

“எந்த முடியும்? ‘கேன்’ வேற, ‘வில்’ வேற.”

“ரெண்டும் சேந்த ஒண்டு இல்லையா?”

“அவங்க ஒங்களப் போல இல்ல. ‘ஐ வில் பொலிஷ்’. பொலிஷ் பண்ணுவன்.”

“சத்தியம் பண்ணுற மாதிரி இரிக்கி. வேற?”

“‘ஐ வில் பீ பொலிஷிங்’. அவ வாற நேரம் பண்ணிக்கிட்டு இரிப்பன்.”

“கையில துணியோட புடிபடுறதா? வேற.”

“‘ஐ வில் ஹேவ் பொலிஷ்ட்’. அவ வாறத்துக்கு முதலே பண்ணி முடிச்சிருப்பன்.”

“கடைசில இன்ஷா அல்லாஹ் எண்டு போட்டு விடு.”

“அல்லாஹ்ட பேர ஒங்கட சோம்பலுக்கு மூடியாக்காதீங்க. இன்னும் ஒண்டுதான் மிச்சம். ‘ஐ வில் ஹேவ் பீன் பொலிஷிங் ஃபோர் த்ரீ வீக்ஸ்’. வெள்ளிக்கிழம வந்தா, பொலிஷ் பண்ணத் தொடங்கி மூணு கிழம ஆகியிரிக்கும்.”

“முடிஞ்சிதா இல்லையா?”

“அதப் பத்தி அதுல கதையே இல்ல.”

வெள்ளைக்காரன் அரை உலகத்தை ஆண்டது இந்த ஒரு வசனத்தை வைத்துத்தான் என்று ஜெமீலுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. பொய்யும் இல்லை, வாக்கும் இல்லை. அனுப்பச் சொன்னார்.

மரத்தூளைத் தட்டி முடிப்பதற்குள் பதில் வந்தது. ‘ஃப்ரொம் டுமோரோ மோர்னிங் ஐ வில் பீ சிட்டிங் இன் யோர் வேக்ஷொப்.’

“என்னவாம்?”

“நாளைக்குக் காலையில இரிந்து ஒங்கட பட்டறையில இரிந்துக்கிட்டே இரிப்பாவாம்.”

“எந்த மட்டுக்கும்?”

“அதுல முடிவு இல்ல. நீங்க வேணாம் எண்டு தள்ளின ரெண்டாவதுதான் அது.”

ஜெமீல் துணியை எடுத்தார். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்குள் மற்ற மூன்று கால்களும் எப்படி மினுங்கின என்றால், பட்டறைப் பூனை தன் முகத்தையே பார்த்துச் சீறிவிட்டு வேலி பாய்ந்தது.

“புள்ள, அந்த மூணாவத அனுப்பு. பண்ணி முடிச்சிருப்பன் எண்டது.”

“அனுப்பட்டா?”

ஜெமீல் இன்னும் தூசு படிந்திருந்த மேற்பலகையைப் பார்த்தார்.

“பொறு,” என்றார். “முதல்ல இந்தக் கால் நாலும் காயட்டும்.”