இரண்டு கதிர் ராட்டை

கோலா கங்சார் பக்கம் ஒரு பழைய கித்தா தோட்டத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த துரை பங்களாவை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு லோரியோடு போன கோகிலன், ஒரு சாக்கு நிறைய மரத்துண்டுகளோடு திரும்பினான். ஈப்போவில் வயிரவன் நடத்தும் பழம்பொருள் கடைக்குள் அதை மெல்லக் கொட்டினான்.

"ராட்டை மாதிரி இருக்குண்ணே. ஆனா ரெண்டு ராட்டை சாமான் கலந்துபோச்சு போலலா. நீங்கதான் பார்க்கணும்."

அவன் போனதும் வயிரவன் ஒவ்வொன்றாகத் துடைத்துத் தரையில் பரப்பினார். சக்கரம் ஒன்று, மிதிபலகை ஒன்று. ஆனால் நூலை முறுக்கும் கதிர்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் சிறு கொக்கிகள் பதித்த மரக்கவை. அவற்றைத் தாங்க நான்கு குட்டைத் தூண்கள், தூண்களை நட ஒரு குறுக்குக் கட்டை. கூடவே ஒரு தகரக் கிண்ணம். ஒரு கதிரையும் இரண்டு தூண்களையும் உதிரி என்று ஒதுக்கிவைத்தார்.

அவர் மனைவி விசாலி பிரம்பு நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்து தேறியபின் அவருடைய வலது கை மடியைவிட்டு எழுவதில்லை. பயிற்சிக்கென்று கொடுத்த ரப்பர் பந்து மேசைக்கடியில் எங்கோ உருண்டு கிடந்தது. வெளியே மழை. சுண்ணாம்புக் குன்றுகள் மேகத்துக்குள் போயிருந்தன. கடையே தண்ணீருக்கடியில் இருப்பதுபோலிருந்தது.

"அந்தக் குறுக்குக் கட்டையக் குடுங்க," என்றார் விசாலி.

இடது விரலால் அதைத் தடவினார். மரம் இளஞ்சூடாக இருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல.

"நாலு குழி இருக்குங்க. நாலும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கு. எதுவும் உதிரி இல்ல."

வயிரவன் நான்கு தூண்களையும் நட்டார். இரண்டு கதிர்களும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்தன. கைபேசியில் தேடியபோது அதே போன்ற ராட்டை ஒன்று கிடைத்தது. எங்கோ குளிர்நாட்டில் ஒரு பெண் இரு கைகளிலும் தனித்தனியே ஆளி நாரிலிருந்து நூல் இழுத்துக்கொண்டிருந்தாள். கிண்ணம் விரலை நனைக்கும் தண்ணீருக்கு.

"ரெண்டு கையும் வேணுமா இதுக்கு," என்று சொல்லிவிட்டு வயிரவன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் விசாலி விளக்குத் திரிக்கு வாங்கிய பஞ்சை எடுத்துவரச் சொன்னார். மிதித்தார். இடக்கையில் நூல் முடிச்சு முடிச்சாக வந்து அறுந்தது. வலப்பக்கக் கதிர் வெறுமனே சுழன்றது. மதியம் தோறும் அந்தச் சத்தத்தில் அவருக்குக் கண் சொருகும். மழையைப் பார்த்தபடி நூற்கும் துரைசாணி ஒருத்தி தெரிவாள். அவள் முகம் தெரியாது, கைகள் மட்டும் தெரியும். சில நேரம் அவை தன் கைகளா என்று விசாலிக்குக் குழம்பும்.

அப்படியொரு மதியத்தில், விழிப்பா கனவா என்று தெரியாமலே, இடது கையால் வலது கையைத் தூக்கிக் கிண்ணத்து நீரில் நனைத்துப் பஞ்சின்மேல் வைத்தார். விரல்கள் நழுவின. மறுபடி வைத்தார். கட்டைவிரல் மெதுவாக மடங்கியது. தடித்த, கோணலான நூல் ஒரு விரற்கடை நீளம் வந்து கதிருக்குள் போனது.

கடைக்கு வந்திருந்த பெண் ஒருத்தி கேட்டாள்: "இது விக்கிறதாண்ணே?"

வயிரவன் விசாலியின் வலது கையைப் பார்த்தார். "இல்லம்மா," என்றார். "வீட்டுச் சாமான்."

விசாலி திரும்பிப் பார்க்கவில்லை. கால் மிதித்துக்கொண்டேயிருந்தது.