மேஸ்திரி வீட்டுக்குள் வந்த பாதை

திருத்தத் தாள் கோப்பில் ஏறிய அதே நிமிடம் தண்டவாளம் பதினொரு அடி நகர்ந்தது. யாரும் தொடவில்லை. ஜல்லி, கட்டை, ஆணி எல்லாம் சேர்ந்து, தூங்குகிறவன் புரண்டு படுப்பதுபோல் நகர்ந்தன. கண்காணிப்பாளர் நாடா பிடித்து அளந்து, சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டார்.

நகர ரயில் அலுவலகம் அந்த வருஷம்தான் புது முறையைக் கொண்டுவந்திருந்தது. வரைபடம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்; கட்டுகிறவனை முதலிலேயே கூப்பிட்டு உட்காரவைத்து, வேலை போகப்போகத் திருத்திக்கொள்ளலாம். நெகிழ்வு ஒப்பந்தம் என்று பெயர் வைத்தார்கள். நெகிழ்வது யார் பக்கம் என்று கேட்க ஆளில்லை.

மேஸ்திரி அதில் சேர்ந்தது மைத்துனனை நம்பி. மனைவியின் தம்பி, அவர் வீட்டில் வளர்ந்து, அவர் செலவில் படித்து, ஒப்பந்தப் பிரிவில் அதிகாரியானவன். பாதை அவர் வீட்டுக்கு அறுபது அடி தள்ளிப் போவதாகத்தான் இருந்தது. திருத்தம் வருகிறபோதெல்லாம் வேலை நிற்கக் கூடாதென்று, அங்கே கட்டுகிறவர்கள் வெற்றுத் தாள்களில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். மேஸ்திரி நாற்பது தாளில் போட்டார்.

"வெறுந்தாள்டா," என்றார்.

"நான் இருக்கேன்ல அத்தான்? உங்க வீட்டு மேலயா பாதையை விடுவேன்?"

முதல் ஆறு திருத்தமும் நியாயமானவை. குழாய் குறுக்கிட்டது, பாறை வந்தது. பாதை இப்படியும் அப்படியும் ஒதுங்கிக்கொடுத்தது. பிறகு, பாதையின் மறுபக்கம் வணிக வளாகம் கட்ட இடம் வாங்கியிருந்த ஒருத்தர் மைத்துனனின் மேசைக்கு வந்துவிட்டுப் போனார். அதிலிருந்து தண்டவாளம் ஒரே பக்கமாக நகர்ந்தது. வாரம் ஒரு தாள், வாரம் பதினொரு அடி. வேலியைத் தாண்டி வாசலுக்கு வந்த அன்று மேஸ்திரி அலுவலகத்துக்குப் போனார். மைத்துனன் எழுந்திருக்கவில்லை. தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினான்.

"கையெழுத்து உங்களோடதுதானே, மேஸ்திரி?"

அத்தான் என்பதை அவன் அன்றோடு விட்டுவிட்டான்.

கடைசித் திருத்தத்துக்குத் தண்டவாளம் வீட்டுக்குள் நுழைந்தது. சுவர் ஒரு விரிசலும் இல்லாமல் விலகி வழிவிட்டது; கூடம் வழியாகப் போய், சமையலறையைத் தொட்டு, கொல்லைப்பக்கம் வெளியேறியது. வீட்டை யாரும் இடிக்கவில்லை என்பதால் நஷ்ட ஈட்டுப் பேச்சும் எழவில்லை. பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி. எட்டேகால் வண்டி வரும்போது மேஸ்திரி தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு காலை மடக்கிக்கொள்வார். மைத்துனன் அதில்தான் வேலைக்குப் போகிறான், இரண்டாவது பெட்டி, ஜன்னலோரம். முதல் மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இப்போது பேப்பர் படிக்கிறான். அந்தப் பெட்டி கடக்கும்வரை அவன் அக்கா சுவரைப் பார்த்து நிற்பாள். பிறகு அடுப்பைக் கவனிக்கப் போவாள்.