டம்ளரக்கா

கதவைத் திறந்ததும் வரிசையில் நிற்பவர்கள் கண்ணெதிரே ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்துக் காட்டுவது அவள் வழக்கம். கடல் தண்ணீரைச் சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரித்து, ஏழைக்கும் கட்டுப்படியாகிற விலையில் தருகிறோம் என்று இந்தக் குடிநீர் நிலையத்தை ஆரம்பித்தபோது தெருவில் ஒருவரும் கிட்டே வரவில்லை. அவள் குடித்த பிறகுதான் குடங்கள் வந்தன. இரண்டு வருடமாகத் தெருவுக்கே அவள் டம்ளரக்கா. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த டம்ளரை, தண்ணீரைச் சோதித்துப் பார்க்கவென்று தனியாக இருந்த சோதனைக் குழாயில்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தவன் அண்ணன். நிலையத்து மெக்கானிக். அவன் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

இன்று சோதனைக் குழாயின் திருகு உடைந்து கையோடு வந்துவிட்டது. எல்லாம் ஒரே தண்ணீர்தானே என்று, ஜனங்களுக்குப் போகும் குழாயில் டம்ளரைப் பிடித்து ஒரு வாய் குடித்தாள். கரித்தது. உப்பு மீட்டரை முக்கினாள். தினமும் எழுதுகிற அளவைப் போல நாலு மடங்கு. மீட்டரைக் குறை சொல்லித் துடைத்து மறுபடி முக்கினாள். அது மாறவில்லை.

பிறகு சோதனைக் குழாயை விரலால் தொட்டுக்கொண்டே பின்பக்கம் போனாள். அந்த மெல்லிய நீலக் குழாய் ஆறு சவ்வுகளில் கடைசி ஒன்றிலிருந்து மட்டும் கிளம்பியது. அது ஒன்றுதான் புதிது.

போன மாதம் எதிர்வீட்டுக்காரி, "லேசா கரிக்குதே அக்கா, குழந்தைக்கும் இதுலதான் பால் பவுடர் கரைக்கிறேன்" என்று வந்து நின்றாள். "முதல்ல குடத்தை ஒழுங்கா தேய்" என்று சொல்லி அனுப்பியது இவள்தான்.

அண்ணன் உள்ளே வந்தான். உடைந்த திருகையும் அவள் நின்ற இடத்தையும் பார்த்தான்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"ஆறு மாசம். மத்த அஞ்சும் போச்சு. புதுசு போட்டா விலையை ஏத்தணும்னு மேல சொல்றாங்க. கொஞ்சம் கரிப்புதானே, பாப்பா."

"உன் வீட்டு கேனை எதுல பிடிக்கிற?"

தினமும் சாயங்காலம் அவன் நீலக் குழாயில் கேன் பிடிப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அவசரக்காரன், கைக்குக் கிட்ட இருப்பதில் பிடிக்கிறான் என்று சிரித்திருக்கிறாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உனக்கு முகத்துல மறைக்கத் தெரியாது. அதான் சொல்லல."

கூடப்பிறந்தவன் தன்னை இவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருந்தது அவளுக்குத் தாங்கவில்லை. அவன் நீலக் குழாயைக் கழற்றி ஒரு டம்ளர் நிரப்பி நீட்டினான். "இன்னைக்கு மட்டும் குடிச்சிடு. நாளைக்குப் பேசிக்கலாம்."

அவள் அதை வாங்கித் தரையில் கொட்டினாள். ஜனங்களின் குழாயில் நிரப்பிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

வரிசையில் முதல் ஆள் எதிர்வீட்டுக்காரி. டம்ளரைப் பார்க்காமல் டம்ளரக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பிலிருந்த குடம் பளபளவென்று மின்னியது. விளிம்பில் தேய்த்த நார் ஒன்று இன்னும் ஒட்டியிருந்தது.

டம்ளரக்கா முகத்தைத் திருப்பாமல் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள்.