பாதித் திரையில் அப்பா

சின்னவளிடம் ஒரு மடிக்கணினி, ஒரு டேப்லெட், ஒரு போன் என்று மூன்று சாமான்கள் இருந்தன. மூன்றும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி. போனில் எடுத்த படம் அடுத்த நொடி டேப்லெட்டில் வந்து நிற்கும். டேப்லெட்டில் பேனாவால் இழுத்த கோடு மடிக்கணினியின் பெரிய திரையில் அப்போதே விழும். யாராவது கூப்பிட்டால் மூன்றும் சேர்ந்து அலறும். ஒன்றுக்குச் சளி பிடித்தால் மூன்றும் தும்முகிறதே என்று அக்கா கிண்டல் செய்வாள். கிண்டல் செய்தாலும் அந்த டேப்லெட்டை வாங்கிக் கொடுத்தவள் அவள்தான்.

சின்னவள் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். வீட்டிலிருந்தபடியே வேலை. வீட்டிலிருந்து வேலை செய்கிறவளை வேலை செய்கிறவள் என்று மதிக்கிற மனிதர் இன்னும் பிறக்கவில்லை. மாடிவீட்டுப் பார்சல், எதிர்வீட்டுச் சாவி, தண்ணீர்க் குழாய் ரிப்பேர் எல்லாம் அவள் தலையில்தான் விழும். சும்மாதானே இருக்கிறாள் என்ற எண்ணம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோதும் யாரும் யோசிக்கவில்லை. வேறு ஊரில் வங்கி வேலை பார்க்கும் அக்காவாலா வந்து பார்த்துக்கொள்ள முடியும்? அப்பா சின்னவள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். முப்பது வருஷம் வானத்தில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு இப்போது கட்டிலிலிருந்து இறங்கவே இன்னொருவர் கை வேண்டும். இடப்பக்கம் செத்துக் கிடந்தது. துறைமுகத்தையே அதட்டிய குரல், பக்கத்தில் போய்க் காதை வைத்தால்தான் கேட்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பிடிவாதம் மட்டும் ஒரு சுற்றுக்கூட இளைக்கவில்லை. யாரையும் கூப்பிடாமல் தானே எழுந்து குளியலறைக்குப் போகப் பார்த்து ஒரு தடவை விழுந்தார். நெற்றியில் தையல் போட்டார்கள்.

அன்றைக்கே அக்கா வந்து இறங்கினாள். முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம், அங்கே எந்நேரமும் ஆள் இருக்கும் என்றாள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைச் சின்னவள் பார்த்தாள். அதற்கு மேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. நான் வீட்டோடு இருக்கிறேன், கண்ணிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாயைக் கொடுத்தாள்.

"படம் போட உக்காந்தா உனக்கு ஊரே பத்தி எரிஞ்சாலும் தெரியாது. நீயா பாத்துக்குவே?" என்றாள் அக்கா.

அது சுருக்கென்று தைத்தது, உண்மையாக இருந்ததால். கடைசியில் அக்கா ஒரு நிபந்தனை போட்டுவிட்டுப் போனாள். இன்னொரு தடவை அப்பா விழுந்தால் பேச்சுக்கே இடமில்லை, நேரே இல்லம்தான்.

சின்னவள் அக்காவின் வாயை அடைக்க ஒரு ஏற்பாடு செய்தாள். அப்பாவின் கட்டிலுக்கு எதிரே ஒரு நாற்காலி, நாற்காலிமேல் ஒரு தாங்கி, தாங்கியில் அவளுடைய போன். போனின் கேமரா பார்ப்பதெல்லாம் பக்கத்து அறையில் அவள் வரையும் டேப்லெட்டில் தெரியும். டேப்லெட் திரையை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியில் அவள் வரையும் பக்கம், மறு பாதியில் அப்பா. வரைகிற கண் வரைகிற இடத்திலேயே இருக்கலாம். எழுந்து எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதில்லை. பகலில் போனுக்கு எந்த அழைப்பும் வராதபடி அடக்கி வைத்தாள். அழைப்பு ஏதாவது வந்தால் கேமரா நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

கத்த முடியாத அப்பாவுக்கு ஒரு சைகையும் பேசிவைத்தார்கள். ஏதாவது வேண்டுமானால் வலது கையைப் போனுக்கு நேராக உயர்த்தினால் போதும். இது அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயமே இல்லை. கிரேன்காரருக்குக் கீழே நிற்கிற ஆளின் கைதான் எல்லாம். அந்தக் கை உயர்ந்தால் மேலே பாரம் எந்த நிலையில் இருந்தாலும் அப்படியே நின்றாக வேண்டும். அப்பா முதல் நாளே விளையாட்டாக நாலைந்து தடவை கையைத் தூக்கிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அவள் ஓடிவந்து நின்றாள். அவருக்குச் சிரிப்புத் தாளவில்லை. வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

ஏற்பாடு நன்றாகவே நடந்தது. தண்ணீருக்குக் கை, தலையணைக்குக் கை, ஜன்னலைச் சாத்த ஒரு கை. சின்னவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்பா சாப்பிடுவதையும் கொட்டாவி விடுவதையும் அப்படியே படமாக்கி அக்காவுக்கு அனுப்பி வெறுப்பேற்றுவாள். அக்கா ஒரு கட்டைவிரலை மட்டும் பதிலாக அனுப்புவாள்.

அந்தச் சமயத்தில் அவள் வரைந்துகொண்டிருந்தது ஒரு காவல்காரக் கிழவரின் கதை. கதை முழுக்க அவர் தூங்குகிறார். அவரைச் சுற்றி எலியும் பூனையும் காக்கையும் கூத்தடிக்கின்றன. பதிப்பகத்தில் படங்களைப் பார்க்கிற அம்மாளுக்குச் சின்னவள் வைத்திருந்த பெயர் 'உயிரில்லை'. எதை அனுப்பினாலும் அவர் முதலில் சொல்வது அதுதான். எலியில் உயிர் இருக்கிறது, பூனையில் இருக்கிறது, கிழவரில் உயிரில்லை. தூங்குகிற மாதிரி இல்லை, மூட்டையைக் கிடத்தி வைத்த மாதிரி இருக்கிறது. சின்னவள் ஏழெட்டு விதமாக மாற்றிப் பார்த்தாள். அந்த அம்மாள் அசைந்துகொடுக்கவில்லை.

மாதிரிக்கு ஆள் இல்லாமல் இல்லை. அதே திரையின் மறு பாதியில் ஒரு கிழவர் படுத்துத்தான் இருந்தார். ஆனால் அப்பா தூக்கத்தில்கூடச் சும்மா இருக்கிறவர் அல்லர். கை நடுங்கும், கால் உதறும், உதடு எதையாவது மென்றுகொண்டிருக்கும். ஒரு கோடு போடுவதற்குள் முகம் வேறு பக்கம் போயிருக்கும். போட்டோ எடுத்துப் பார்த்து வரைந்தாலும் அது போட்டோவைப் பார்த்து வரைந்தது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த வாரம் 'உயிரில்லை' கூப்பிட்ட இரண்டு அழைப்புகள் போனை அடக்கி வைத்திருந்ததால் தவறிப்போயின. புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும், இப்படிப் பிடி கொடுக்காமல் இருந்தால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும் என்று காரசாரமாக ஒரு செய்தி வந்தது. சின்னவள் அதை இரண்டு தடவை படித்தாள். மறுநாள் காலையில் அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்து, முகம் துடைத்து, தூங்க வைத்தாள். அந்த அம்மாளின் அழைப்பு மறுபடியும் தவறிவிடக் கூடாதே என்று போனை அடக்கி வைத்திருந்ததை எடுத்துவிட்டாள். அதைத் தாங்கியில் வைத்தாள். தன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அழைப்பு வந்தால் கேமரா நின்றுவிடும் என்பது அந்த நேரத்தில் அவள் புத்திக்கு எட்டவில்லை. அவள் மனசில் இருந்ததெல்லாம் அந்தக் கிழவர்தான்.

அழைப்பு வந்தது. மூன்றும் அலறின. அவள் மடிக்கணினியில் எடுத்தாள். பக்கத்து அறையில் போன் வழக்கம்போல அந்த அழைப்புக்கு இடம் விட்டு ஒதுங்கியது, கேமராவும் நின்றது. டேப்லெட்டின் மறு பாதியில் கடைசியாக வந்த காட்சி அப்படியே தங்கிவிட்டது. இணைப்பு நின்றுவிட்டது என்று கீழே ஓர் ஓரத்தில் பொடி எழுத்தில் அது சொல்லவும் செய்தது. சொன்ன இடத்தின்மேல், வரைவதற்கான தூரிகைகளைக் காட்டும் பெட்டி திரையில் விரிந்து கிடந்தது.

'உயிரில்லை' ஆரம்பித்தார். கிழவரின் கழுத்து விறைப்பாக இருக்கிறதாம், விரல்கள் குச்சி குச்சியாக இருக்கின்றனவாம். ம் கொட்டிக்கொண்டே சின்னவள் அப்பா பக்கம் பார்த்தாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்து, வலது கை மார்பின்மேல், தலை தலையணையின் பள்ளத்தில். என்ன அதிசயமோ, இன்றைக்கு அசையவே இல்லை.

அவள் பேனாவை எடுத்தாள். இப்போதே வரைகிறேன், நீங்கள் அங்கிருந்தே பாருங்கள் என்று தன் பக்கத்தை அந்த அம்மாளின் திரையிலும் தெரியவைத்தாள். கழுத்தின் சரிவு வந்தது. கண்ணுக்குக் கீழே தொங்கும் பை வந்தது. மார்பில் கிடந்த கையின் ஒவ்வொரு விரலும் வந்தது. வாழ்க்கையில் அவளுக்கு எந்த ஆளும் இவ்வளவு பொறுமையாகக் கிடந்து கொடுத்ததில்லை. நடுவில் ஒரு தடவை, பாவம் நல்ல தூக்கம், மருந்து கேட்கிறது போல என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். தலைமுடி வரைக்கும் போட்டு முடிக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் அப்பாவை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை.

"இது... இது மூச்சு விடுது," என்றார் அந்த அம்மாள். அவர் வாயில் அப்படியொரு வார்த்தை வந்து அவள் கேட்டதே இல்லை.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, படத்தை அப்பாவிடம் காட்ட டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் அறைக் கதவைத் தள்ளினாள்.

அப்பா தரையில் கிடந்தார். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில், செத்த பக்கம் கீழே மாட்டிக்கொண்டு, ஈரத்தில் கிடந்தார். முழங்கையைத் தரையில் ஊன்றி வலது கையைப் போனுக்கு நேராக உயர்த்தியபடி வைத்திருந்தார். கை வெடவெடவென்று ஆடியது. சின்னவளின் கையில் இருந்த டேப்லெட்டில் அப்பா இன்னும் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு கணம் அவளுக்கு எந்த அப்பாவை நம்புவது என்றே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். மறுநாள் நெஞ்சில் சளி கட்டியது. நெஞ்சு தெளிந்தால்தான் இடுப்பைத் தொட முடியும் என்றார் டாக்டர். நெஞ்சு தெளியும் என்று அவர் சொல்லவில்லை.

அக்கா வந்து சேர்ந்தாள். சின்னவள் ஒன்றையும் மறைக்கவில்லை. போனை அடக்காமல் விட்டது, அழைப்பு வந்தது, படம் நின்றுபோனது, நின்றுபோன படத்தை உண்மை என்று நம்பியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அக்கா டேப்லெட்டை வாங்கிப் பார்த்தாள். நின்றுபோன அந்தக் காட்சி இப்போது அதில் இல்லை. சின்னவள் போட்ட படம்தான் இருந்தது. அக்கா அதை நெடுநேரம் பார்த்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதிப்பகத்திலிருந்து ஒரு செய்தி படத்தின் தலைமேல் வந்து குந்தியது. இதையே அட்டைக்குப் போட்டுவிடலாம், எல்லாருக்கும் பிடித்துவிட்டது என்று எழுதியிருந்தார் அந்த அம்மாள். அக்கா டேப்லெட்டைத் தங்கையின் மடியில் வைத்தாள்.

"அவர் கீழ கெடந்தப்ப இதைத்தான் வரைஞ்சிருக்கே."

"தெரியாதுக்கா. சத்தியமா எனக்குத் தெரியாது."

அக்கா நம்பினாள் என்றுதான் தோன்றியது. காப்பி வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனாள். போகும்போது தங்கையின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அந்தத் தொடுகையில் சின்னவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா கண் திறந்தார். மூக்கில் குழாய். அவள் குனிந்து காதை அவர் வாயருகே வைத்தாள். உன்னைத் திட்ட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லு என்றார். உனக்கு வேலை இருந்திருக்கும், எனக்குத் தெரியாதா என்றார். அவள் பார்த்தாள், பார்த்தும் வரவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நினைத்ததோடு நில்லாமல் மன்னித்தும் விட்டார்.

"இல்லப்பா. நான் பாக்கலப்பா. அது நின்னு போச்சு. எனக்கு எதுவுமே தெரியல."

அப்பாவின் கண் அலைந்தது. போனில் வெளிச்சம் இருந்ததே என்றார். அழைப்பு ஓடிக்கொண்டிருந்த வெளிச்சம் அது. அவள் அதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் மூச்சு இரைத்தது. வலது கை போர்வையைப் பற்றி இழுத்தது. ஒரு குழந்தை இருட்டில் அம்மாவைத் தேடுகிற மாதிரி அவள் முகத்தில் எதையோ தேடினார்.

"நீ பாத்துக்கிட்டு இருக்கேன்னுதான் தைரியமா இருந்தேன்," என்றார். "அப்ப யாருமே இல்லையா?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தன்மேல் தப்பில்லை என்று நிரூபிக்கப் போய், அந்தத் தரையில் அவரோடு கூட இருந்த ஒரே ஆளையும் அவள் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வலியிலும் ஈரத்திலும் அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒரே பிடிப்பு அது. வரவில்லை என்றாலும் மகள் பார்க்கிறாள், வந்துவிடுவாள். அவள் அவருடைய கையைப் போர்வையிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இருந்தேன்பா. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நீங்க கை தூக்குனதப் பாத்தேன். வேலையை விட்டு வர முடியல. அதான் லேட்டாயிடுச்சு."

அப்பாவின் மூச்சு மெல்ல அடங்கியது. பரவாயில்லை என்பதுபோல் அவள் விரல்களை ஒரு தடவை அழுத்தினார். சின்னவள் நிமிர்ந்தாள். வாசலில் அக்கா இரண்டு கைகளிலும் காப்பிக் கோப்பைகளோடு நின்றிருந்தாள்.

அந்தக் கடைசிப் பேச்சு மட்டும் அக்காவின் காதில் விழுந்திருந்தது. ஒரு கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். இரண்டு நாள் அப்பாவின் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக இருந்தார்கள். அப்பா அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை, தவிக்கவும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம், சின்னவள் உதட்டுக்குத் தண்ணீர் தொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது போய்விட்டார். முகம் அமைதியாக இருந்தது என்று நர்ஸ் சொன்னாள். சின்னவளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்த்தால் கோடு கோடாகத் தெரிந்தது.

தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லு. அவர்கிட்ட பொய் சொன்னியா, எங்கிட்ட பொய் சொன்னியா?"

"அவர்கிட்ட."

அக்கா தலையை ஆட்டினாள். சாகக் கிடக்கிற மனிதரிடம் அப்படிப் பொய் சொல்ல முடிந்தவள் வேறு யாரிடம் என்ன சொன்னால்தான் என்ன என்று அந்தத் தலையாட்டலில் இருந்தது. அவளிடம் காட்ட அந்த ஒரு படத்தைத் தவிரச் சின்னவளிடம் எதுவும் இல்லை. அந்தப் படம் அவளுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்லும். உடலை வாங்க எந்த அறையில் கையெழுத்துப் போட வேண்டும் என்று அக்கா கேட்டாள். சின்னவள் கையைக் காட்டினாள். அக்கா தனியாகவே எழுந்து போனாள்.