அறுபத்து நாலு கிலோ

"ஒட்டடைக்குச்சி, சட்டையை உள்ள விடவா, வெளியே விடவா?" என்று அண்ணன் கேட்டான்.

"இன்டர்வியூ எனக்கா, உனக்கா?"

"உனக்குத்தான். ஆனா வெளிய நிக்கிறவனைப் பாத்துத்தானே உள்ள இருக்கிறவளை எடை போடுவாங்க?"

எடை என்ற சொல் காதில் விழுந்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலுக்கு மொத்தமே இருபது இடம். விண்ணப்பித்தவர்கள் நாலாயிரம் பேர். மதிப்பெண்ணில் எல்லோரும் ஏறக்குறைய சமம். ஆளைப் பிரித்துக் காட்டுவது விண்ணப்பத்தோடு அனுப்பும் ஒரு பக்கக் கட்டுரைதான். 'நீங்களே செய்து பார்த்த ஒரு சோதனையை எழுதுக.' நான் பாடப்புத்தகத்தைத் தாண்டி எதையும் செய்து பார்த்ததில்லை. அண்ணன் செய்திருந்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், லிஃப்ட் கிளம்பும்போது தூக்கிவாரிப் போடுகிறது என்று குடியிருப்பவர்கள் புகார் சொன்னார்கள். அவனுடைய மேலதிகாரி நம்பவில்லை. அளந்து காட்டக் கருவியும் கொடுக்கவில்லை. அண்ணன் எங்கள் வீட்டு எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு போனான். லிஃப்டுக்குள் வைத்து ஏறி நின்று, முள் ஆடுவதைச் செல்போனில் படம் பிடித்தான். சும்மா நின்றபோது அறுபத்து நாலு. மேலே கிளம்பும்போது எழுபத்தொன்று. நிற்கப் போகும்போது ஐம்பத்தேழு. அந்தப் படத்தைப் பார்த்து நான் கணக்குப் போட்டு, லிஃப்டின் முடுக்கத்தைச் சொன்னேன். மேலதிகாரி கடைசியில் ஒப்புக்கொண்டாராம்.

கட்டுரையில் நான் எழுதியது, 'எடை மெஷின்மேல் ஏறி நின்றேன்' என்று. அண்ணன் என்ற சொல்லை முதலில் எழுதிப் பிறகு அடித்தேன். 'நீங்களே' என்றல்லவா கேட்டிருக்கிறார்கள்! படிக்கக் கொடு என்று அவன் கேட்டபோதெல்லாம், "உனக்குப் புரியாது" என்று தட்டிக்கழித்தேன். அதற்கும் சிரித்தான்.

உள்ளே மூன்று பேராசிரியர்கள். நடுவில் இருந்த அம்மாள் பலகையில் இரண்டு கணக்குகள் போடச் சொன்னார். போட்டேன். பயம் கொஞ்சம் விலகியது. பிறகு அவர் என் கட்டுரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கட்டுரையைப் பார்த்தார்.

"நீங்க எத்தனை கிலோம்மா?"

"நாப்பத்து நாலு, மேடம்."

"போன வருஷம்?"

"அதேதான்."

"இங்க அறுபத்து நாலுன்னு இருக்கே?"

இரண்டு மாதம் அந்தப் பக்கத்தைத் திருத்தித் திருத்தி எழுதியவள் நான். அந்த எண் என் கண்ணில் படவே இல்லை.

ஓரத்தில் இருந்த இளம் பேராசிரியர் என் உதவிக்கு வந்தார். "தோள்ல ஸ்கூல் பை இருந்திருக்கும். இல்லையாம்மா?"

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டேன்.

"இருபது கிலோ பையா? பாவம்!" என்று சிரித்த அம்மாள், கட்டுரையை மூடி வைத்தார். அவ்வளவுதான். தப்பித்தாயிற்று.

கதவில் இருந்த கண்ணாடி வழியாக அண்ணனின் முதுகு தெரிந்தது. என்னைக் கூட்டிவர ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்தவன், சட்டையைக் கடைசியில் உள்ளேதான் விட்டிருந்தான்.

"மேடம்... பை இல்ல. அது எங்க அண்ணனோட எடை. ஏறி நின்னது அவன்தான். மெஷினை வச்சுப் பாக்கலாம்னு தோணுனதும் அவனுக்குத்தான். நான் கணக்கு மட்டும் போட்டேன்."

அம்மாள் மூடி வைத்த கட்டுரையை மறுபடி திறந்தார்.

"அந்தக் கணக்கைப் பாத்துத்தான் உங்களைக் கூப்பிட்டோம்" என்றார் அம்மாள். "உள்ளதை எழுதியிருந்தாலும் கூப்பிட்டிருப்போம். வெள்ளிக்கிழமைக்குள்ள யார் எதைச் செஞ்சாங்கன்னு பிரிச்சு எழுதி அனுப்புங்க. பாத்துட்டு முடிவு சொல்றோம். சீட் உண்டுன்னு இப்பச் சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் அண்ணன் ஓடி வந்தான். "என்ன கேட்டாங்க?"

மாடிப்படியில் நின்றபடியே முழுவதையும் சொன்னேன்.

"அறுபத்து நாலுன்னா போட்ட? நான் அறுபத்திரண்டுடி. இடுப்புல ஸ்பேனர் பெல்ட் இருந்துச்சு" என்று சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "ஒரு இடத்துலகூடவா அண்ணன்னு போடல?"

"இல்லண்ணா."

"சரி."

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தான். அவன் முன்பக்கம் போய் நின்றுகொண்டான்.

மறுநாள் காலை, அவன் வேலைக்குக் கிளம்பும்போது தயங்கிக்கொண்டே கேட்டேன். "அண்ணா, அந்தச் சோதனை நடந்த தேதி வேணும்."

பைக்குள் கைவிட்டு சர்வீஸ் நோட்டை எடுத்து, பக்கத்தைத் தேடி என்முன் வைத்தான். லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. யார் யார் கை பட்டதோ, அத்தனை பேரையும் வேலைக்குக் கீழே எழுத வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆனால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டுமே.

அண்ணனின் கோணல் கையெழுத்தில் இருந்தது: 'எடை மெஷின் வைத்துப் பார்த்தது நான். கணக்குப் போட்டது என் தங்கை.' பக்கத்திலேயே சிவப்பு மையில் மேலதிகாரி எழுதியிருந்தார்: 'வெளியாளை ஏன் சேர்த்தாய்? எச்சரிக்கப்படுகிறாய்.'

"இதுக்காகவா உன்னைத் திட்டுனாங்க? நீ சொல்லவே இல்லையே?"

"நீ போட்ட கணக்குக்கு வேற யார் பேரை எழுத முடியும்?" என்றான், செருப்பை மாட்டிக்கொண்டே. "தேதி மேல இருக்கு. எழுதிக்கோ."

வழக்கம்போல ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடாமல் போய்விட்டான்.

புதுத் தாள் எடுத்தேன். 'எடை மெஷின் வைத்துப் பார்த்தது என் அண்ணன்' என்று தொடங்கினேன். அறுபத்து நாலு என்ற எண் வந்த இடத்தில் நிறுத்தி, அதில் இரண்டு கிலோ ஸ்பேனர் பெல்ட் என்றும் சேர்த்தேன்.